ஒரே கட்டத்துக்குள் அடங்கிய கழனிநாடு: கொத்துக் கணினி மாநாடுகளின் வரலாறும் காவிரிப் படுகையும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் மீத்திறன் கணினியை வெளிநாட்டிலிருந்து வாங்குவதற்கும் பின்னர் உள்நாட்டிலேயே கட்டுவதற்கும் முன்வைக்கப்பட்ட முதன்மைக் காரணங்களுள் ஒன்று பருவமழைக் கணிப்பு ஆகும். தனிப்பெரும் பொறி என்னும் நிலையிலிருந்து, பல சிறு கணினிகள் கூடி இயங்கும் கொத்து என்னும் நிலைக்கு அக்கணினிகள் மாறின. அம்மாற்றத்தையும், அக்காலத்தில் உயர்செயல்திறன் கணிமை குறித்துச் சென்னையில் கூடிய 1998ஆம் ஆண்டுப் பன்னாட்டு மாநாட்டையும் இக்கட்டுரை காவிரிப் படுகையின், சிறப்பாக மன்னார்குடி வட்டாரத்தின், நிலையில் நின்று ஆராய்கிறது. கணிப்பு மாதிரியின் கட்ட அளவே இவ்வரலாற்றை அளக்கத் தக்க அளவுகோல் என்பதும், கணிப்புத் திறன் வளர்ந்த அளவுக்கு அதன் முடிவை எடுத்துரைக்கும் தமிழ் வளரவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: கொத்துக் கணினி, மீத்திறன் கணினி, பருவமழைக் கணிப்பு, காவிரிப் படுகை, மன்னார்குடி, அறிவியல் தமிழ்

முன்னுரை

1998 டிசம்பர் 17 முதல் 20 வரை சென்னையில் உயர்செயல்திறன் கணிமைக்கான ஐந்தாம் பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. துறையினர் இதனை ‘ஹைபிசி’ என்று சுருக்கி வழங்குவர். அது முடிந்து ஏழு வாரங்களில், 1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில், அதே சென்னையில் ‘தமிழ் இணையம் 99’ மாநாடு கூடியது. பின்னதன் வரலாறு தமிழாய்வுலகில் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. முன்னதைப் பற்றித் தமிழில் பேச்சே எழுவதில்லை. கணினியியல் மாநாட்டை எழுதுவது கணினியியலாளர் வேலை என்று தமிழாய்வாளர் ஒதுங்கிவிட்டதே இதற்குக் காரணம் எனலாம்.

அவ்வொதுக்கம் ஏற்புடையதன்று. இந்திய அரசு முதல் மீத்திறன் கணினியை வாங்கியபோது அதற்குச் சொன்ன நியாயம் உழவரின் மழை. மழையை நம்பி நாற்றுவிடுகின்ற, மழைக்கு அஞ்சி அறுவடை செய்கின்ற ஒரு நிலப்பகுதிக்கு அப்பொறி என்ன தந்தது என்பது சமூக வரலாற்று வினா. மன்னார்குடியைக் களமாகக் கொள்வதற்கும் அதுவே காரணம். கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மீண்டும் பிரிகிறது. அங்குப் பிரியும் கிளைகளுள் ஒன்றாகிய பாமணியாறு மன்னார்குடி வட்டாரத்தை நனைக்கிறது. அந்த ஆற்று நீர் குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் நீர். வயலில் நேரே விழுவதோ பெரிதும் வடகிழக்குப் பருவமழையின் நீர். இரு மழைகளையும் முன்கூட்டி அறிய வேண்டிய தேவை இவ்வூருக்கு உண்டு.

மனிதக் கணக்கர்கள்

பல கைகள் ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்வது மின்னணுக் கணினிக்கு முந்திய வழக்கம். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் கணிதவியலாளர். பருவமழை பொய்க்கும் ஆண்டுகளை முன்னறியும் நோக்கில், உலகின் பல பகுதிகளில் பதிவான காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்புக் கெழுக்களை இந்திய எழுத்தர் குழுவொன்றைக் கொண்டு கையாலேயே கணக்கிடச் செய்தார். இன்று ‘தென் அலைவு’ என்று அறியப்படும் நிகழ்வு அக்கணக்கிலிருந்து வெளிப்பட்டது. கண்டுபிடிப்பு வாக்கர் பெயரில் நிற்கிறது. கூட்டிப் பெருக்கிய எழுத்தர்களின் பெயர்கள் நூல்களில் இல்லை.

வாக்கர் வழி புள்ளியியல் வழி. 1922இல் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் வேறொரு வழியைக் காட்டினார். நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றின் இயக்கச் சமன்பாடுகளைத் தீர்ப்பது அவர் முறை. 64,000 மனிதக் கணக்கர்கள் ஒரு பேரரங்கில் அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் பங்குக் கணக்கைச் செய்து, விடையை அண்டைக் கட்டத்தாருக்குத் தெரிவிக்கும் காட்சியை அவர் கற்பனை செய்தார். 1910 மே 20ஆம் நாளுக்கு அவர் தாமே செய்துபார்த்த ஆறு மணிநேரக் கணிப்பு பெரும் பிழையில் முடிந்தது. ஆயினும் அக்கற்பனையில் இன்றைய கொத்துக் கணினியின் உறுப்புகள் யாவும் உள்ளன: பகுத்த வேலை, தனித்தனிக் கணுக்கள், அண்டைக் கணுவுக்குச் செய்தி, அனைவரையும் ஒரே தாளத்தில் நிறுத்தும் ஒருங்கிணைப்பு.

மழையின் பெயரால் வந்த பொறி

1980களில் இந்தியா அமெரிக்காவிடம் கிரே நிறுவனத்தின் இரு செயலிகள் கொண்ட எக்ஸ்-எம்பி/24 கணினியைக் கேட்டது. அணு ஆயுத, ஏவுகணை ஆய்வுக்கு அது திருப்பப்படலாம் என்னும் ஐயத்தால் பேச்சு நீண்டது. இறுதியில் ஒரு செயலி மட்டுமே கொண்ட எக்ஸ்-எம்பி/14, வானிலைப் பணிக்கு மட்டும் என்ற கட்டுப்பாடுகளுடன் கிடைத்தது. புதுதில்லியில் 1988இல் நிறுவப்பட்ட தேசிய நடுத்தரக்கால வானிலைக் கணிப்பு மையத்தில் அது வைக்கப்பட்டது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 20 கோடிக் கணக்கீடுகளுக்குச் சற்று மேல்.

மறுப்பின் எதிர்வினையாக 1988இல் புனேயில் உயர்நிலைக் கணிமை மேம்பாட்டு மையம், அதாவது சி-டாக், விஜய் பட்கர் தலைமையில் தொடங்கப்பெற்றது. 1991இல் வெளிவந்த அதன் ‘பரம் 8000’ இங்கிலாந்தின் இன்மோஸ் நிறுவனத்தார் செய்த டிரான்ஸ்பியூட்டர் என்னும் சில்லுகளைப் பிணைத்துக் கட்டப்பட்டது. பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகமோ அதற்கு முன்பே, 1986இல், ‘ஃப்ளோசால்வர்’ என்னும் இணைச்செயலிக் கணினியைச் செய்திருந்தது. காற்றோட்டக் கணக்குக்காகப் பிறந்த அக்கணினியில் பின்னர்ப் பருவமழை மாதிரியையும் ஓட்டினர். கிரே மறுக்கப்பட்டதால் பரம் பிறந்தது என்று மட்டும் சொல்லும் வழக்கமான வரலாறு இதனால் குறையுடையது. தேவை மறுப்புக்கு முன்பே இருந்தது. மறுப்பு அதற்குப் பணத்தையும் அரசியல் ஆதரவையும் திரட்டித் தந்தது.

கொத்து என்னும் கருத்து

1994இல் அமெரிக்க நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகியோர் கடையில் கிடைக்கும் 16 தனியாள் கணினிகளை ஈதர்நெட் கம்பியால் இணைத்து, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடச் செய்தனர். ‘பேவுல்ஃப்’ என்னும் இக்கொத்து துறையின் பொருளியலையே மாற்றியது. அதே ஆண்டில் கணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான பொது விதிமுறையின் முதற்பதிப்பு (எம்.பி.ஐ.) வெளியானது. ஒரு நிறுவனத்தின் பொறிக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது என்னும் நிலை அதன்பின் தளர்ந்தது.

கொத்தின் இயல்பைப் படுகைவாசிகளுக்கு விளக்குவது எளிது. முறைப்பாசனத்தில் தலைமடையில் எவ்வளவு நீர் பாய்ந்தாலும் கடைமடை நனையும்வரை முறை முடிந்ததாகாது. கொத்துக் கணினியிலும் அப்படியே. ஒவ்வொரு காலப்படியிலும் எல்லாக் கணுக்களும் தம் எல்லை மதிப்புகளை அண்டைக் கணுக்களுக்கு அனுப்பிப் பெற்ற பின்னரே அடுத்த படி தொடங்கும். மிக மெதுவான கணுவின் வேகமே கொத்தின் வேகம். கணுக்களைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் பயன் பெருகாது என்பதை 1967இல் ஜீன் அம்டால் சுட்டிக்காட்டினார். ஆகவே கொத்துக் கணிமையின் சிக்கல் செயலியில் இருப்பதைவிடப் பெரிதும் வாய்க்காலில் இருக்கிறது.

இத்துறைக்கெனத் தனிக் கூடுகைகள் 1990களின் இறுதியில் உருவாயின. 1999 டிசம்பரில் மெல்பர்னில் கூடிய கொத்துக் கணிமைக்கான பன்னாட்டுப் பயிலரங்கு அவற்றுள் முன்னோடி. அதே ஆண்டு, முன்பு பெங்களூரு சி-டாக்கில் பணியாற்றிய ராஜ்குமார் புய்யா பதிப்பித்த உயர்செயல்திறன் கொத்துக் கணிமை பற்றிய இரு தொகுதிகள் வெளிவந்தன.

சென்னை, 1998

ஹைபிசி தொடர் கலிபோர்னியாவில் பணியாற்றிய விக்டர் பிரசன்னாவின் முயற்சியால் வளர்ந்தது. 1995இல் புதுதில்லி, 1996இல் திருவனந்தபுரம், 1997இல் பெங்களூரு என ஆண்டுதோறும் டிசம்பரில் இடம்மாறிக் கூடிய இம்மாநாடு 1998இல் சென்னைக்கு வந்தது. கட்டுரைகள் வல்லுநர் மதிப்பீட்டுக்குப் பின் ஆங்கிலத் தொகுப்பாக அச்சாயின.

அவ்வாண்டின் சூழலை நினைவிற் கொள்ள வேண்டும். மே 11, 13 ஆகிய நாள்களில் பொக்ரானில் அணுவெடிப்புச் சோதனைகள் நடந்தன. அமெரிக்கா தடைகளை விதித்தது. நவம்பரில் அதன் வணிகத் துறை, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உரிய இந்திய அணு, விண்வெளி, பாதுகாப்பு நிறுவனங்களின் நீண்ட பட்டியலை வெளியிட்டது. அடுத்த மாதமே அமெரிக்கப் பல்கலைக்கழக அறிஞர்களும் இந்திய ஆய்வாளர்களும் உயர்செயல்திறன் கணிமை பற்றிச் சென்னையில் கூடிப் பேசினர். பொறிக்கு எல்லை போட முடிந்தது. பொறியைக் கட்டும் அறிவுக்குப் போட முடியவில்லை. கொத்துக் கணினியின் அரசியற் பொருள் இங்கே விளங்குகிறது. கிரே பொறியைத் தடுக்க ஒரு கையொப்பம் போதும். தெருமுனைக் கடையில் விற்கும் செயலியையும், எவரும் இலவசமாகப் பெறும் லினக்ஸையும், நூலகத்தில் கிடைக்கும் மாநாட்டுத் தொகுப்பையும் தடுப்பது அரிது. சி-டாக் 1998இல் வெளியிட்ட ‘பரம் 10000’ தானும் சன் நிறுவனப் பணிநிலையக் கணினிகளின் கொத்தே.

அதற்குப் பின் 1999 முதல் 2019 வரை ஹைபிசி கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத், கோவா, கொச்சி, புனே, ஜெய்ப்பூர் எனச் சுற்றியது. சென்னைக்குத் திரும்பவில்லை. மென்பொருள் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் எங்கே திரண்டனவோ அங்கே மாநாடும் திரண்டது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

கப்ரூ முதல் பொருள் வரை

மாநாடு வராவிட்டாலும் கொத்து வந்தது. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ஹரி தாஸ் முன்னின்று உருவாக்கிய ‘கப்ரூ’, இமயமலைச் சிகரமொன்றின் பெயரைத் தாங்கியது. இரட்டைச் செயலி கொண்ட 144 கணுக்களை நார்வே நாட்டு டால்பின் நிறுவனத்தின் இணைப்பு அட்டைகள் முப்பரிமாண வலையாகப் பிணைத்தன. குவார்க்குகளைப் பிணைக்கும் விசையை அணிக்கோப்பு முறையில் கணக்கிடுவது அதன் நோக்கம். நொடிக்கு ஓர் இலட்சம் கோடிக் கணக்கீடு, அதாவது ஒரு டெராபிளாப், என்னும் எல்லையைத் தொட்ட அது, 2004 ஜூன் மாத ‘டாப் 500’ உலகப் பட்டியலில் இடம்பெற்றது. அரசின் பெருந்திட்டம் ஏதுமின்றி, கோட்பாட்டு இயற்பியலாளர் தம் தேவைக்குத் தாமே கட்டிக்கொண்ட கணினி அது. தமிழகக் கணிமை வரலாற்றில் கப்ரூவுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

படுகையின் தலைவாசலுக்குக் கொத்து வந்தது 2022இல். தேசிய மீத்திறன் கணிமைத் திட்டம் 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பெற்றது. அதன் இரண்டாம் கட்டத்தில், தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடியை அடுத்துள்ள திருச்சிராப்பள்ளி தேசிய தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு கணினி ஒதுக்கப்பட்டது. 2020 அக்டோபர் 12இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2022 மே 25இல் 838 டெராபிளாப் திறனுடன் தொடங்கிவைக்கப்பெற்ற அதன் பெயர் ‘பரம் பொருள்’. செலவு 19 கோடி ரூபாய். வடமொழிப் ‘பரம்’ தொடர்ந்து வர, தமிழ்ப் ‘பொருள்’ அதனோடு சேர்ந்து, பழைய சமயச் சொல்லொன்றை நினைவூட்டும் பெயராயிற்று. கப்ரூவைவிட எண்ணூறு மடங்கு விரைவுடைய ஒரு பொறி, பதினெட்டு ஆண்டுகளில், காவிரிக் கரை மாவட்டம் ஒன்றின் கல்வி வளாகத்துக்குள் வந்துவிட்டது.

கட்டத்தின் அளவு

டெராபிளாப் கணக்கு உழவருக்கு ஒன்றும் சொல்லாது. கட்டத்தின் அளவு சொல்லும். தில்லி மையத்தில் 1990களில் நடைமுறையிலிருந்த டி-80 என்னும் உலக மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதன் பரப்பு 22,500 சதுர கிலோமீட்டர். காவிரிப் படுகை மண்டலத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 14.5 இலட்சம் ஹெக்டேர், அதாவது 14,500 சதுர கிலோமீட்டர். சோழர் முதல் மராட்டியர் வரை ஆண்ட நெல்நாடு முழுவதும், திருச்சி முதல் நாகை வரை, ஒரே கட்டத்துக்குள் அடங்கிப்போகும். மன்னார்குடியில் பெய்து பட்டுக்கோட்டையில் பெய்யாத மழை அம்மாதிரிக்குப் புலப்படாது. உழவரின் மழைக்காக வாங்கப்பட்ட பொறி உழவரின் ஊரைக் காணும் கண்ணுடையதாக இல்லை.

கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலப்படியையும் பாதியாக்க வேண்டும். ஆக வேலை எட்டு மடங்கு. 150 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டருக்கு வர 25 மடங்கு நுண்மை தேவை. வேலையோ 15,625 மடங்கு. உயர அடுக்குகளைப் பெருக்குவதால் கூடும் வேலை இதில் சேரவில்லை. இவ்வளவு வேலையைத் தனிப்பொறி எதுவும் தாங்காது.

2018 ஜனவரியில் புனேயில் ‘பிரத்யூஷ்’, நொய்டாவில் ‘மிஹிர்’ என இரு கணினிகள் மொத்தம் 6.8 பீட்டாபிளாப் திறனுடன் நிறுவப்பெற்றன. ஒரு பீட்டாபிளாப் என்பது ஆயிரம் டெராபிளாப். அவ்வாண்டு ஜூன் 1 முதல் 12 கிலோமீட்டர் கட்டத்தில், சற்றே மாறுபட்ட தொடக்க நிலைகளிலிருந்து 21 முறை ஓட்டிப் பார்க்கும் கூட்டுக் கணிப்பு நடைமுறைக்கு வந்தது. படுகை இப்போது ஏறத்தாழ நூறு கட்டங்கள். 2024 செப்டம்பரில் ‘அர்கா’, ‘அருணிகா’ என்னும் கணினிகள் வந்தன. 2025 மே 26இல் 6 கிலோமீட்டர் கட்டத்தில் ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ தொடங்கப்பட்டது. படுகை இன்று நானூறு கட்டங்கள். 8.24 பீட்டாபிளாப் திறனுடைய அருணிகாவின் வேகம் பழைய கிரேயைவிட மூன்று கோடி மடங்குக்கும் மேல். நுண்மை கூடியது 25 மடங்கு.

புதிய கட்ட அளவுக்கு முதற் பெருஞ்சோதனை கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரை கடந்தது. நாகையை ஒட்டிய கரையை நோக்கி வருகிறது என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. கடலோர மக்கள் முகாம்களுக்கு அகற்றப்பட்டனர். 1952, 1977 ஆகிய ஆண்டுகளின் நாகைப் புயல்களோடு ஒப்பிட்டால் இம்முன்னறிவிப்பின் பயன் மறுக்க முடியாதது. ஆனால் கடலோரத்தோடு காற்று ஓயவில்லை. மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியே உள்நாட்டில் சென்று தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. தென்னையை அகற்றி முகாமில் வைக்க இயலாது என்பது உண்மை. எனினும் எந்த ஊரில், எந்த நேரம்வரை, என்ன வேகத்தில் காற்று நீடிக்கும் என்னும் உள்நாட்டுக் கணிப்புக்கு 144 சதுர கிலோமீட்டர்க் கட்டம் பருமனானது என்பதையும் அப்புயல் காட்டியது.

நெல்லுக்கும் இது பொருந்தும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுவது மரபு. 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28வரை திறக்கவில்லை. திறப்பு தள்ளிப்போகும் ஆண்டில் குறுவையைக் கைவிட்டுச் சம்பாவை நேரடி விதைப்பாகப் போடுவதா என்னும் முடிவு, மழை எப்போது தொடங்கும் என்னும் கணிப்பைப் பொறுத்தது. 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா வயலிலேயே சாய்ந்து முளைவிட்டது. அறுவடை இயந்திரம் ஒரு வாரம் முன்னே கிடைப்பதும் பின்னே கிடைப்பதும் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாயைத் தீர்மானிக்கும் பகுதி இது.

சந்திக்காத இரு மாநாடுகள்

1999 பிப்ரவரி மாநாட்டின் விளைவுகள் நாம் அறிந்தவை: தமிழ் 99 விசைப்பலகை, எழுத்துக் குறியேற்றத் தரங்கள், தமிழ் இணையப் பல்கலைக்கழகத்துக்கான அறிவிப்பு. கணினியில் தமிழை எழுதுவது எப்படி என்பதே அங்கு எழுந்த வினா; அக்காலத்தில் அது முந்தித் தீர்க்க வேண்டிய வினாவும்கூட. கணினி கண்டுபிடிப்பதைத் தமிழில் சொல்வது எப்படி என்பது வேறொரு வினா. அதனை ஏழு வாரத்துக்கு முந்திய மாநாடும் எழுப்பவில்லை. அது தன் வேலை என்று அதற்குத் தோன்றவும் காரணமில்லை. ஒரு நகரில் ஏழு வார இடைவெளியில் நடந்த இரு கூட்டங்கள் இரு வேறு உலகங்களாயின.

இன்று மன்னார்குடித் தேநீர்க் கடையில் தொலைக்காட்சி வழியே வந்து சேரும் கணிப்பு, ‘ஓரிரு இடங்களில்’, ‘சில இடங்களில்’, ‘பல இடங்களில்’, ‘பெரும்பாலான இடங்களில்’ என்னும் நான்கு தொடர்களுக்குள் அமைகிறது. இவை கேட்போர் எண்ணுவதுபோல் பொதுச்சொற்கள் அல்ல. வரையறை உடைய கலைச்சொற்கள். ஒரு பகுதியின் மழைப்பதிவு நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு’. அரைப் பங்குவரை ‘சில’. முக்கால் பங்குவரை ‘பல’. அதற்கு மேல் ‘பெரும்பாலான’. ‘கனமழை’ என்பதும் அவ்வாறே: 24 மணிநேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை, அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை, அதனையும் கடந்தால் அதி கனமழை.

‘ஓரிரு’ என்னும் சொல் பேச்சுத்தமிழில் ஒன்று அல்லது இரண்டு எனப் பொருள்படும். நூறு நிலையங்களுள் இருபத்தைந்தில் பெய்தாலும் அறிவிப்பில் அது ‘ஓரிரு’தான். அறிவிப்பைக் கேட்ட உழவர் நம் ஊருக்கு வராது என்று நெல்லைக் களத்திலேயே விட்டு வைத்தால், தவறு அவருடையதன்று; கணினியுடையதும் அன்று. நானூறு கட்டங்களாகப் படுகையைப் பகுத்துக் கண்ட விடை, நான்கு தொடர்களாகச் சுருங்கி, அந்நான்கின் வரையறையும் உடன்வராமல் ஊருக்குள் நுழைகிறது. கலைச்சொல்லாக்கம் பற்றித் தமிழ்த்துறைகள் எழுதியுள்ள ஆய்வேடுகள் பெரும்பாலும் பாடநூல், அகராதிச் சொற்களைச் சுற்றியே நிற்கின்றன. வானிலை அறிக்கையின் தமிழ் ஐப்பசி முதல் தை வரை நாள்தோறும் படுகையின் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்படுகிறது.